கால் பிள்ளையின் அப்பா

1969 ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் கிணற்றடியில் சோப்பு கை நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பால் வாங்கிக்கொண்டு வந்த கொளஞ்சி, "என்னாங்க, யாரைக் கும்பிடறீங்க?" என்றாள். "சோப்பைத்தான்" என்றேன். சிரித்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான், புருஷன் இன்னும் நிமிரவில்லையே என்று ஓடி வந்து தோளைப் பிடித்தாள்.

இடுப்பு வலி எனக்குப் புதிதில்லை. மூன்று வருஷமாகக் கூடவே குடியிருக்கிறது. ஆனால் இன்றைக்கு வந்தது வேறு ரகம். பீங்கான் கம்பெனியில் எனக்குச் சூளை அடுக்குகிற வேலை. ஊறுகாய் ஜாடி, கரண்டுக்குப் போடுகிற பீஸ் கட்டை என்று வேகாத பச்சைச் சாமான்களை மண்பெட்டிகளில் வைத்து, பெட்டி மேல் பெட்டியாகத் தலைக்கு மேலே அடுக்க வேண்டும். முதுகு இல்லாமல் இதைச் செய்ய யாரும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. இன்றைக்குப் பாதி நாள் ஒப்பேற்றினேன். மீதியைக் கூட்டாளி சுப்புராயன் தன் பங்கோடு சேர்த்து அடுக்கினான். "அண்ணே, நீ சும்மா பெட்டியத் தொட்டுக்கிட்டு நில்லு, மேஸ்திரி கண்ணுக்கு வேலை மாதிரி தெரியும்" என்றான்.

ஆகஸ்ட் 17

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, படுத்து ஓய்வெடு என்றார்கள். மாத்திரையை விழுங்கலாம். ஓய்வை எங்கே வாங்குவது?

மாத்திரைக்கு வலி குறைகிறது, வயிறு எரிகிறது. வலியை இடுப்பிலிருந்து வயிற்றுக்கு மாற்றல் செய்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 23

சூளை பிரித்த அன்று ஆட்கள் எல்லாரும் செய்கிற வைத்தியம்: சூடு ஆறாத கல்லைக் கோணியில் சுற்றி முதுகுக்குக் கொடுப்பது. நானும் கொடுத்தேன். சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தில் தூங்கிவிட்டேன். முதுகில் கல் அளவுக்குக் கொப்புளம். கொளஞ்சி மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, "கல்லு வெந்துது சரி, நீங்க எதுக்கு வேவறீங்க?" என்றாள்.

செப்டம்பர் 2

மங்கலம்பேட்டை ரோட்டில் சாமிக்கண்ணு வைத்தியரைப் போய்ப் பார்த்தேன். அவர் எழுந்து வந்த போதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது — மனுஷன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வருகிறார்.

"என்னா பாக்கற? எனக்கு வந்தத என்னால ஒண்ணும் பண்ண முடியல. உனக்கு வந்தத ஏதோ கொஞ்சம் பண்ணலாம். குப்புறப் படு."

கட்டைவிரலால் முதுகெலும்பு ஓரமாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நான் கத்திய கத்தலில் வெளியே கட்டியிருந்த ஆடும் கத்தியது. "ஆங், இங்கதான் இருக்குது" என்றார், தொலைந்த சாவி கிடைத்த மாதிரி.

எண்ணெய் கொடுத்தார். தினம் இளஞ்சூட்டில் தடவ வேண்டும். நொச்சி இலையும் எருக்கிலையும் வதக்கி மூட்டை கட்டி ஒத்தடம். புளி, கத்திரிக்காய், கருவாடு கூடாது. மருந்து சாப்பிடுகிற வரைக்கும் அகத்திக்கீரை கண்ணிலேயே படக்கூடாது, மருந்தை முறித்துவிடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில், "பாரம் தூக்கக் கூடாது" என்றார்.

"அதுதாங்க என் உத்தியோகமே."

"அப்ப எண்ணெய உத்தியோகத்துக்குத் தடவு."

கோபக்காரர். "இது ஒரு நாள்ல வந்தது இல்ல, ஒரு நாள்ல போவாது. பொறுமை இருந்தா வா" என்று அனுப்பிவிட்டார்.

செப்டம்பர் 9

கொஞ்சம் தேவலை. நொச்சி மணத்தில் வீடே பிள்ளை பெற்ற வீடு மாதிரி இருக்கிறது. மகள் நீலா இலை பறித்துக்கொண்டு வருகிறாள், கொளஞ்சி வதக்குகிறாள், நான் படுத்திருக்கிறேன். ராஜபோகம். பக்கத்து வீட்டில் மட்டும் வேண்டுமென்றே கருவாட்டுக் குழம்பு வைக்கிறார்கள்.

செப்டம்பர் 20

தேவநாதன் மேஸ்திரி கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கு மேலேயும் ஆள் இருக்கிறது. "விருத்தகிரி, தீவாளி வரைக்கும் ஜாடிக்கு வைக்கோல் சுத்தி மூட்டை கட்டு. அதுக்குள்ள சரி பண்ணிக்க. அப்புறம் சூளைக்கு வரணும். இல்லன்னா உன் இடத்துல வேற ஆளப் போடச் சொல்லுவாங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது."

தீபாவளி வரைக்கும். இடுப்புக்குக் கெடு வைத்திருக்கிறார்கள். வைத்தியரோ பொறுமை என்கிறார். இரண்டு பேரையும் ஓர் அறையில் உட்கார வைத்துப் பேசச் சொல்லலாமா?

அக்டோபர் 5

மங்கலம்பேட்டையில் ஒரு பெரியவர் ஓதி ஊதிய தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். கொளஞ்சி மணவாளநல்லூருக்குப் போய்க் கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டிவிட்டு வந்தாள். நம்ம பக்கத்தில் வழக்கு கோர்ட்டுக்குப் போகாது, அந்தச் சாமிக்குத்தான் போகும். "யார் மேல பிராது குடுத்த?" என்றேன். "உங்க இடுப்பு மேல" என்றாள். பேர் வைத்த சாமி ஆச்சே, அவளுக்குச் சலுகை இருக்கும்.

ஒன்றும் நகரவில்லை. எண்ணெய் தடவினால் சாயங்காலம் வரைக்கும் இளக்கம், காலையில் மறுபடியும் பழைய விறைப்பு. தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்.

அக்டோபர் 25, சனி

அக்கா ராஜம்மாள் வேப்பூரிலிருந்து வந்திருக்கிறாள். பஸ்ஸிலிருந்து இறங்கினவள் பையைக் கூட வைக்கவில்லை. "ஏன்டா, வூட்டுலயே மருந்த வச்சிக்கிட்டு ஊரெல்லாம் சுத்தறியே, நீயெல்லாம் எட்டாவது படிச்சவன்!"

மருந்து என்று அவள் சொன்னது என் மகள் நீலாவதியை.

நீலா தலை வராமல் கால் முன்னால் வந்து பிறந்தவள். கால் பிள்ளை. அப்படிப் பிறந்தவர்கள் முதுகில் மூன்று தரம் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு இறங்கும் என்பது நம்ம பக்கத்து நம்பிக்கை. சின்ன வயதில் தெருவே வாசலில் குப்புறப் படுத்திருக்கும். இவள் மிட்டாயைச் சப்பிக்கொண்டே மிதிப்பாள். வயசுக்கு வந்ததும் கொளஞ்சி நிறுத்திவிட்டாள். பெரிய பெண் கண்ட ஆம்பிளை முதுகில் கால் வைப்பதா? நீலாவுக்கும் சந்தோஷம். ஸ்கூலில் 'கால் நீலா, கால் நீலா' என்று கூப்பிட்டு அழ வைத்திருக்கிறார்கள். இப்போது பத்தாவது. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

அக்கா எடுத்துவிட்டாள்.

"மாட்டேன் அத்தை. அப்பா முதுகுல நான் காலு வைக்க மாட்டேன். பாவம்."

"ஆபத்துக்குப் பாவமில்லடி. சோத்துக்கு என்னா பண்ணப் போறீங்க? அத யோசன பண்ணியா?"

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மேஸ்திரியின் கெடு ஞாபகம் வந்தது. சும்மா இருந்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

கையெழுத்து கோணலாக வருகிறது. ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

காலையில் நீலா குளித்து, காலில் மஞ்சள் பூசிக்கொண்டு வந்தாள். நான் கூடத்தில் குப்புறப் படுத்தேன். முதலில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "அப்பா, தப்பா நெனச்சிக்காத" என்றாள். கண்ணீர் என் குதிகாலில் விழுந்தது. "மிட்டாய் இல்லாம மிதிப்பியா?" என்று கேட்டேன், சிரிக்கட்டும் என்று. சிரித்தாள்.

முதல் மிதி மெதுவாக. "அழுத்திடி, பூவா பறிக்கற?" என்றாள் அக்கா. இரண்டாவது கொஞ்சம் அழுத்தமாக. மூன்றாவது —

மடக்கென்று உள்ளே எதுவோ. இடது காலில் குதிகால் வரைக்கும் நெருப்பு ஓடின மாதிரி. பாயைக் கடித்தேன்.

"எப்படி இருக்குதுப்பா?"

அந்தக் குரல். நான் செத்தேனா பிழைத்தேனா என்று கேட்கிற குரல். நான் என்ன சொல்ல? நீ மிதிச்சி உங்கப்பன ஒடச்சிட்டடி என்றா?

"போயிடுச்சிம்மா" என்றேன். "எங்க போச்சின்னே தெரியல. தேடிப் பாரு, அத்தை பைக்குள்ள இருக்கும்."

எழுந்தும் நின்றேன். எப்படி நின்றேன் என்று கொளஞ்சியப்பருக்குத்தான் தெரியும். பிள்ளை முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே. அதற்காக இன்னும் ஒரு மிதி வாங்கலாம் போல இருந்தது. இல்லை, பொய். வாங்க முடியாது.

அக்டோபர் 27

அக்கா ஊருக்குக் கிளம்புவதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ரேடியோவில் கூடச் செய்தி ஒரு நாளைக்குச் சில தடவைதான் சொல்கிறார்கள்.

அக்டோபர் 30

இப்போது நடக்கிற முறை: வீட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்தி, தெருக்கோடி திரும்பிய பிறகு சுவரைப் பிடித்து. கம்பெனிக்கு அரை மணி முன்னால் கிளம்புகிறேன். "பாருங்களேன், ஒடம்பு சரியானதும் சுறுசுறுப்ப" என்கிறாள் கொளஞ்சி.

வைத்தியர் எண்ணெய் தீரவில்லை. தடவச் சொல்லிக் கேட்க முடியாது. போன வலிக்கு எதற்கு எண்ணெய்?

நவம்பர் 3

மேஸ்திரி முதுகில் தட்டினார். உயிர் போய் வந்தது. "கேள்விப்பட்டேன்யா! பொண்ணு கால்லயே டாக்டர வச்சிருக்கியாமே. தீவாளி எதுக்கு, நாளைக்கே சூளைக்கு வந்துடு."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ஏன் என்பார். அதற்குப் பதில் சொன்னால் அது சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவுக்கு வந்துவிடும்.

நவம்பர் 4

பெட்டி. பெட்டி. பெட்டி.

நவம்பர் 11

தீபாவளி போயிற்று. காலையில் வாசலில் ஆள். வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு. ரயில்வேக்காரர் ஒருவர், முல்லாத் தோட்டத்திலிருந்து இரண்டு பேர். கொளஞ்சி தலையில் அடித்துக்கொண்டாள். "நிறுத்தி வச்சத மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களே. பரீட்சைக்குப் படிக்கற பொண்ணு."

ஆச்சரியம் என்னவென்றால் நீலாவே ஒத்துக்கொண்டாள். பொம்பளைகளுக்கு மட்டும் என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். "எங்கப்பாவுக்கே சரியாயிடுச்சிங்க" என்று வந்தவர்களிடம் சொல்வது உள்ளே இருக்கிற எனக்குக் கேட்டது. ஸ்கூலில் 'கால் நீலா' என்றால் இப்போது, "ஆமா, அதுக்கென்னா?" என்கிறாளாம். தலை நிமிர்ந்து நடக்கிறாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

என் பொய்யின் மேல் ஏறி நின்று உயரமாகத் தெரிகிறாள் பிள்ளை. கீழே இருந்து நான் எப்படி நழுவ?

நவம்பர் 19

மணிமுத்தாற்றில் தண்ணீர் புரண்டு போகிறது. மழை. ஈரத்துக்கு வலி பாடாய்ப் படுத்துகிறது. இடது பாதத்தில் செருப்பு கழன்றது தெரியவில்லை. ஒற்றைச் செருப்போடு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தேன். சுப்புராயன் திரும்பிப் போய் எடுத்து வந்து, "அண்ணே, உனக்கு நெஜமா நல்லாயிடுச்சா?" என்றான்.

"ஏன்டா?"

"இல்ல, நல்லாயிட்டவன் பெட்டியத் தூக்கறப்ப அம்மான்னு சொல்ல மாட்டான்."

"பாசம்டா" என்றேன்.

நவம்பர் 26

சிரித்துக்கொண்டே இருக்கிறேன். சாப்பாட்டில் ஜோக்கு, சந்தையில் ஜோக்கு. "அப்பா ரொம்ப குஷியா இருக்குது" என்றாள் நீலா. கொளஞ்சி மட்டும் என்னைப் பார்த்துவிட்டுப் பேசாமல் சாதம் வைத்தாள். அவளுக்குத் தெரிந்திருக்குமோ? கேட்டால் தெரியப்படுத்தின மாதிரி ஆகிவிடும்.

டிசம்பர் 7, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் சுப்புராயன் தன் அம்மா மாரியம்மாளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். கிழவிக்கு எழுபதுக்கு மேல். காற்றடித்தால் புடவை நிற்கும், அவள் பறந்துவிடுவாள், அவ்வளவு ஒடிசல். குனிந்தே நடந்து பழகின முதுகு. "விருத்தகிரிக்கே நிமிந்துடுச்சாமே, எனக்கு நிமிராதா?" என்று வண்டியிலேயே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள்.

கூடத்தில் பாய் போட்டாயிற்று. கிழவி குப்புறப் படுத்தாள். ரவிக்கை போடாத முதுகில் எலும்பு ஒவ்வொன்றும் எண்ணலாம் போல. நீலா காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து நின்றாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஏ கிழவி, நிமிந்தா அடுத்து மாப்பிள்ள பாக்கச் சொல்லுவியா?" என்று ஒரு ஜோக்கு அடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நீலா காலைத் தூக்கினாள்.

எனக்குள் அந்த 'மடக்' சத்தம் மறுபடியும் கேட்டது. என் எலும்பு தாங்கியது. இது தாங்குமா?

"மிதிக்காத!"

நான்தான் கத்தினேன். என் குரல் மாதிரியே இல்லை.

"என்னாப்பா?"

"மிதிக்காத நீலா. எனக்கு ஒண்ணும் சரியாவல. அன்னிக்கே சரியாவல. கூடத்தான் போச்சி. காலு மரத்துப் போவுது. பொய் சொன்னேன்."

நீலா தூக்கின காலைக் கீழே வைக்காமல் நின்றாள். எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி. பிறகு பின்னால் எடுத்துச் சுவர் ஓரமாய் வைத்தாள்.

"போயிடுச்சின்னியே."

அவ்வளவுதான் சொன்னாள்.

குப்புறப் படுத்திருந்த கிழவி, "என்னாடா ஆச்சி? மிதிக்கப் போறாளா, நான் எழுந்துக்கட்டுமா?" என்றது. சுப்புராயன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதானா சிரித்தானா தெரியவில்லை. அம்மாவைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போனான். போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

டிசம்பர் 8

கொளஞ்சிக்குத் தெரிந்துதான் இருக்கிறது. "பாயில பல்லுத் தடம் இருந்துது, பாத்தேன்" என்றாள். "நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்." எண்ணெய்க் கிண்ணத்தை அடுப்பில் வைத்தாள். மழை பெய்கிற சத்தம் மாதிரி அவள் அழுவது கேட்டது. திட்டியிருந்தால் தேவலை.

நீலா ஸ்கூலுக்குப் போகவில்லை.

டிசம்பர் 10

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். கோபம். "அப்ப இத்தினி நாளா சூளைக்குள்ள பெட்டி சரிஞ்சி ஒருத்தன் தலையில வுழுந்திருந்தா?" நியாயமான கேள்வி. கடைசியில், "சூளைக்கு வேற ஆளு வரான். பிசிறு எடுக்கற இடத்துல உக்காந்தா உக்காரு. பொம்பளைங்க வேலை, கூலியும் அந்தக் கூலிதான்."

உட்கார்ந்தேன். பச்சை ஜாடியின் விளிம்பில் இருக்கிற பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்கிற வேலை. அங்கே காசியம்மாள்தான் தலைவி. "வாடியம்மா புது மருமவளே, முந்தானைய இழுத்துச் சொருவிக்க" என்றாள். அத்தனை பொம்பளைகளும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நான் தோள் துண்டை இழுத்துச் சொருகிக்கொண்டேன். இன்னும் சிரித்தார்கள். மத்தியானத்துக்குள் இரண்டு ஜாடியின் கழுத்தை உடைத்துவிட்டேன். "மாமியா திட்டுவா" என்று காசியம்மாள் உடைந்ததை மண் தொட்டியில் தள்ளி மறைத்துவிட்டு, நான் உட்கார்ந்த பலகையில் கோணியை மடித்துப் போட்டாள்.

டிசம்பர் 14

நீலா என்னோடு பேசுவதில்லை என்று சொல்ல முடியாது. கேட்டால் பதில் சொல்கிறாள். ஆனால் நான் கூடத்தில் படுத்திருந்தால் அந்தப் பக்கமே வருவதில்லை. கொல்லை வழியாகப் போய்ச் சுற்றிக்கொண்டு வருகிறாள், மழையில் நனைந்துகொண்டு. தண்ணீர் கொடுக்க வந்தாலும் செம்பை எட்ட வைத்துவிட்டுப் பின்னாலேயே நகர்கிறாள். காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்கிறாள், அது ஏதோ கடிக்கிற பிராணி மாதிரி.

முதுகு போனது போகட்டும். இதை யார் நீவி எடுப்பது?

டிசம்பர் 16

சாமிக்கண்ணு வைத்தியரிடம் போனேன். சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார், முழங்கால் வலியை மறந்து. "ஏன்யா, நான் கட்டைவெரலால தொட்டதுக்கே ஆடு கத்திச்சே, அதுமேல ஆள ஏத்தி வுட்டியா?" பாதத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். பாதி இடம் தெரிந்தது, பாதி இடம் தெரியவில்லை. "இது என் கையில இல்ல. மரத்துப் போனா எண்ணெய் கேக்காது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி படம் எடு. அவங்க என்னா சொல்றாங்களோ கேளு. அப்புறம் ஒத்தடத்துக்கு வேணா எங்கிட்ட வா."

டிசம்பர் 20

பாண்டிச்சேரிக்குப் போவது பற்றி நீலாவிடம் சொன்னேன். "நான் மிதிச்சதாலதானே?" என்றாள்.

"சேச்சே. உன் காலு என்னா ரோடு போடற இஞ்சினா?"

முகம் மூடிக்கொண்டது. "பாத்தியா. ஒனக்கு வலி இல்லன்னா பொலம்பிக்கிட்டே இருப்ப. வலிச்சா ஜோக்கு அடிப்ப. எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கணும். மிட்டாய்னு கேட்டியே, அப்பவே."

கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

பதினஞ்சு வயசுப் பிள்ளை. என்னை என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறாள். என் ஜோக்கு இனிமேல் அவளிடம் செல்லாது.

டிசம்பர் 24

பாண்டிச்சேரி. படம் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையாகச் சொன்னார். முதுகெலும்புக்கு நடுவே இருக்கிற மெத்தை பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். பல வருஷம் பாரம் தூக்கினவனுக்கு வருவது. படுக்கை, பயிற்சி, மாத்திரை. பாரம் இனிமேல் இல்லவே இல்லை. மரத்தது திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

நான் கேட்க வந்ததே வேறு. "மிதிச்சதால வந்துதுங்களா?"

"முன்னாடியே இருந்திருக்கும். ரொம்ப நாளா."

எழுந்துகொண்டேன். எனக்கு அது போதும். அதை அப்படியே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று இருந்தது. அவர் விடவில்லை. "ஆனா மிதிச்சது நல்லதில்ல. அதுல இன்னும் கொஞ்சம் பிதுங்கியிருக்கும்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இரண்டாவது பேச்சை எங்கே இறக்கிவிடலாம் என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

டிசம்பர் 25

இறக்கிவிடவில்லை.

நீலாவை உட்கார வைத்தேன். டாக்டர் சொன்ன இரண்டையும் சொன்னேன். முன்னாடியே இருந்தது. மிதித்ததில் கொஞ்சம் கூடியது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை, வேடிக்கை பண்ணவில்லை. "உன்ன மிதிக்கச் சொல்லாம நிறுத்தியிருக்கணும். நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். அத்தை மேலயும் தப்பில்ல, உம்மேலயும் இல்ல" என்றேன்.

ரொம்ப நேரம் பாவாடை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"கொஞ்சம் கூடிச்சின்னு டாக்டரே சொன்னாரா?"

"சொன்னாரு."

"அப்ப மொதல்ல சொன்னதும் அவரு சொன்னதுதானா?"

"அவருதான்."

தலையாட்டினாள். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நொச்சி காஞ்சி போயிருக்கும், புதுசாப் பறிச்சாறேன்" என்று எழுந்து போனாள். கொல்லை வழியாகத்தான் போனாள்.

1970 ஜனவரி 9

சட்டம்: காலையில் நீலா கேட்பாள், "இன்னிக்கு எப்படி?" நான் உள்ளதைச் சொல்ல வேண்டும். வலிக்கிறது என்றால் வலிக்கிறது. இளக்கம் என்றால் இளக்கம். ஜோக்கு அடித்தால் ஒத்தடம் கிடையாது.

மாத்திரை பாண்டிச்சேரிக்காரருடையது, எண்ணெய் சாமிக்கண்ணு வைத்தியருடையது. ஒருவருக்கு ஒருவர் கோபித்துக்கொள்ளவில்லை. பாதத்தில் பெருவிரல் பக்கம் கொஞ்சம் உணர்வு வந்திருக்கிறது. மீதிப் பாதம் இன்னும் வேறு யாருடையதோ.

ஜனவரி 18

மாட்டுப் பொங்கலுக்கு வந்த அக்கா இரண்டு நாள் தங்கினாள். முதல் நாள் நீலா அவள் முன்னாலேயே வரவில்லை. அக்கா என்ன சொன்னாளோ தெரியாது, கிளம்புகிற போது இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. என்னிடம், "உனக்கு வாயில என்னாடா, கொழுக்கட்டையா? வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லித் தொலைக்கறதுக்கு என்னா" என்று திட்டிவிட்டு பஸ் ஏறினாள். பஸ் கிளம்பின பிறகும் ஜன்னலில் திட்டிக்கொண்டே போனாள்.

பிப்ரவரி 3

காசியம்மாள் பெஞ்சியில் எனக்கு இப்போது மரியாதை. ஒரு நாளில் ஒரு ஜாடிதான் உடைக்கிறேன். அவளுக்கும் இடுப்பு வலியாம், எல்லாருக்குமே வலியாம். வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொருத்தி வலியையும் ஒவ்வொருத்தி சொல்கிறாள். சூளையில் நாங்கள் ஆம்பிளைகள் ஒருத்தருக்கொருத்தர் சொன்னதே இல்லை.

சம்பளம் குறைந்ததில் கொளஞ்சி கறவை மாடு ஒன்று பாதிப் பங்குக்குப் பிடித்திருக்கிறாள். நான் அதன் முதுகைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

மாசி மகத் தேர். கம்பெனி லீவு. ஊர் முழுக்க ஜனம், வெளியூர் வண்டி, ராட்டினச் சத்தம். தேர்க்கூட்டத்தில் இடிபட டாக்டர் சொல்லவில்லை என்பதால் நான் கூடத்தில் பாய் போட்டு, முழங்காலை மடக்கி, பயிற்சி என்ற பேரில் கூரையை எண்ணிக்கொண்டிருந்தேன். வலி இருக்கிறது. காலையில் கேட்டபோது அப்படியே சொன்னேன்.

தேர் கிளம்பிவிட்டது என்று வாசலில் கூட்டாளிப் பெண்கள் கூப்பிட்டார்கள். "ஏய் நீலா, வாடி, தெற்கு வீதி திரும்பிடும்!"

நீலா உள்ளறையிலிருந்து ரிப்பனை வாயில் கவ்விக்கொண்டு, சடை பின்னிக்கொண்டே ஓடி வந்தாள். நான் வழியை அடைத்துக் கிடந்தேன். அவள் நிற்கவில்லை, கொல்லைப் பக்கமும் திரும்பவில்லை. பாவாடையைத் தூக்கிப் பிடித்து என்னை ஒரே தாண்டாகத் தாண்டி, குதிகால் தரையில் தொப்பென்று விழ, வாசலுக்குப் போய்விட்டாள்.

அடுக்களையிலிருந்து கொளஞ்சி கரண்டியோடு வந்தாள். "அடிப் பாவி! அப்பன் படுத்திருக்கறது கண்ணு தெரியல? தாண்டிட்டுப் போற! திரும்பி வாடி, திரும்பித் தாண்டிட்டுப் போ!"

அவள் அதற்குள் தெருமுனையில். சிரிப்பு மட்டும் கேட்டது.

"போவட்டும் வுடு" என்றேன்.